வஹீதின் முறை

ஷாமியானாவுக்குக் கீழே நாற்காலிகளை எப்படிப் போட வேண்டும் என்று ஷபீ அஹமது கைத்தடியால் தரையில் கோடு காட்டிக்கொண்டிருந்தார். முதல் வரிசை சொந்தக்காரர்களுக்கு. இரண்டாவது, தோல் வியாபாரிகளுக்கு. மற்றவர்கள் அதற்குப் பின்னால். அந்தக் குடும்பத்து மவுத்துகளில் அதுதான் வழக்கம். அவருடைய தகப்பனார் இறந்தபோது பேரணாம்பட்டிலிருந்தும் ராணிப்பேட்டையிலிருந்தும் வந்த பெரிய மனிதர்களில் ஒருவர்கூட இடம் தெரியாமல் நின்றதில்லை. இன்று தம்பிக்கும் அது குறையக்கூடாது.

தம்பி தன்சீல் அஹமது அன்று விடியற்காலை, பாங்கு சொல்வதற்குச் சற்று முன்னால், தூக்கத்திலேயே இறந்துபோயிருந்தார். அறுபத்து மூன்று வயது. ஷபீ அஹமதை விட எட்டு வயது இளையவர். ஆண் பிள்ளை இல்லை, இரண்டும் பெண்கள். ஆகவே அண்ணன்தான் எல்லாவற்றுக்கும் பொறுப்பு. ஜனாஸா தொழுகைக்கு அனுமதி சொல்ல வேண்டியவரும் அவர்தான்.

மூன்றாவது வரிசை போட்டு முடிவதற்குள் கேட்டைத் தள்ளிக்கொண்டு ஏழெட்டுப் பேர் உள்ளே வந்தார்கள். இரண்டு பேர் மேலே ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை அப்படியே இருந்தது. கழற்றக்கூட நேரமில்லாமல் ஏரியிலிருந்து நேராக வந்திருக்கிறார்கள். யாரும் உட்காரவில்லை. ஆளுக்கொரு தடவை செல்போனைப் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் தண்ணீர் கேன்களைத் தூக்கி நிழலுக்கு மாற்றினான். இன்னொருவன் தெருமுனைக்கு ஓடி வண்டிகளை நிறுத்த ஆரம்பித்தான். இருவர் வீட்டுக்குப் பின்பக்கம் போய் முற்றத்தைச் சுற்றிப் படுதா கட்டத் தொடங்கினார்கள்.

"யாருப்பா நீங்க? யாரைக் கேட்டு உள்ள போறீங்க?"

கண்ணாடி போட்ட வயதான ஒருவர் திரும்பினார். பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற இருதயராஜ்.

"நாங்க படகு கிளப்புக்காரங்க சார். தன்சீல் பாய் எழுதி வெச்சுட்டுப் போயிருக்காரு. ஆளாளுக்கு ஒரு முறை. எனக்கு வர்றவங்களைப் பாத்துக்கிற முறை. நீங்க உக்காருங்க சார், வெயில்ல நிக்காதீங்க."

தன் தம்பி வீட்டு வாசலில் தன்னை உட்காரச் சொல்கிறார்கள். ஷபீ அஹமது உட்காரவில்லை. கைத்தடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்தக் கிளப்பைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. எக்ஸ்போர்ட் கம்பெனியில் மேனேஜராக இருந்த தன்சீலுக்கு ஜெர்மனியில் பல வருஷம் சரக்கு வாங்கிய ஒருவர் சிநேகிதம். அவர் தொழிலை மூடும்போது தன்னிடம் இருந்த இரண்டு சின்னப் பாய்மரப் படகுகளைத் தோல் கெமிக்கல் வந்த கண்டெய்னரில் ஓரமாக வைத்து அனுப்பிவிட்டார். பாலாற்றில் தண்ணீரைப் பார்க்கவே நாலைந்து வருஷத்துக்கு ஒரு தடவைதான் கொடுத்து வைக்கும் ஊரில் பாய்மரப் படகு! ஊரே சிரித்தது. பெருமழை வருஷத்தில் மேட்டேரி நிரம்பிக் கலங்கல் வழிந்தது. அதோடு சிரிப்பு நின்றது. கிழிந்த பாயை ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் பெண்கள் தைத்துக் கொடுத்தார்கள். இருபத்திரண்டு பேர் சேர்ந்தார்கள். வாத்தியார், பேங்க் குமாஸ்தா, தோல் பதனிடும் ட்ரம் ஓட்டுகிறவன், கட்டிங் மாஸ்டர் என்று எல்லாரும் கலந்த கூட்டம்.

அங்கே சம்பளத்துக்கு ஆள் கிடையாது. எல்லாம் உறுப்பினர்கள்தான் முறை வைத்துச் செய்ய வேண்டும். உதவிப் படகில் உட்கார்ந்து கவிழ்கிறவனைத் தூக்குவது ஒரு முறை. கரையில் நின்று பேர் எழுதுவது ஒரு முறை. டீ போடுவது ஒரு முறை. முறை உள்ள அன்று படகு ஓட்டக்கூடாது. அடுத்த ஆள் வந்து கையெழுத்துப் போடாமல் இடத்தை விட்டு நகரக்கூடாது. மாதா மாதம் அந்தப் பட்டியலைத் தன்சீல்தான் கட்டம் போட்டு எழுதுவார்.

ஷபீ அஹமது அங்கே ஒரே ஒரு தடவை போனார். ஆண்டு விழா என்று தம்பி கெஞ்சிக் கூப்பிட்டார். நல்ல நாற்காலியாகத்தான் போட்டிருந்தார்கள். ஆனால் அன்று தன்சீலுக்கு டீ முறை. தட்டில் பத்து டம்ளரை வைத்துக்கொண்டு, தங்கள் தோல் டேனரியிலேயே சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தவர்களுக்கெல்லாம் குனிந்து குனிந்து நீட்டிவிட்டு, கடைசியாக அண்ணனிடம் வந்தார்.

"தாதா, அப்பா சம்பாதிச்ச பேரைத் தட்டுல வெச்சு தூக்கினு சுத்துறியா?" என்று கேட்டார் ஷபீ அஹமது.

"என் முறை, பாய்ஜான்," என்று சிரித்தார் தன்சீல். "எடுத்துக்கோங்க, ஆறிப்போவுது."

அவர் எடுக்கவில்லை. காரை வரச் சொன்னார்.

அதற்குப் பிறகு பேச்சு நின்றுவிடவில்லை. பெருநாளுக்குத் தம்பி வந்தார், தோளோடு தோள் வைத்தார், போனார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை வருவது நின்றுபோயிற்று. முப்பது வருஷமாக ஞாயிறு காலை அண்ணன் வீட்டில்தான் நாஷ்டா. நான் ரொட்டியும் ஆட்டுக்கால் பாயாவும். எலும்பை உறிஞ்சிக்கொண்டே தன்சீல் சொல்லும் ஊர்க்கதைகள். ஏரி நிரம்பிய பிறகு அந்தக் காலையெல்லாம் வேறு யாருக்கோ போய்விட்டது. அந்த வேறு யாரோ அப்துல் வஹீத்.

வஹீத் ட்ரம் ஓட்டுகிறவன். நாற்பத்தைந்து வயது இருக்கும். அவனும் அவன் தகப்பனும் ஷபீ அஹமதின் டேனரியில் கூலிக்கு இருந்தவர்கள். உதவிப் படகில் தன்சீலுக்கு ஜோடி அவன்தான். அவரை அவன் 'தன்சீல் பாய்' என்பான். ஷபீ அஹமதைத் தெருவில் பார்த்தால் சைக்கிளிலிருந்து இறங்கி 'முதலாளி' என்பான். நேற்று வரையில் அதில் அவருக்கு ஒரு திருப்தி இருந்தது.

காலையில் செய்தி கேட்டு அவர் ஓடி வந்தபோது தம்பியின் கண்கள் மூடியிருந்தன. தாடையைச் சுற்றித் துணி கட்டியிருந்தது. கால் பெருவிரல்கள் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. கட்டிலின் ஓரத்தில் வஹீத் நின்றுகொண்டிருந்தான்.

"எனக்கு முன்னாடி இவனுக்கு யார் சொன்னது?" என்று தம்பி மனைவி அன்வரி பேகத்தைக் கேட்டார். ஷபீ அஹமதின் வீடு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது.

அன்வரி பேகம் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி சொன்னாள்: "மூச்சு வரலன்னதும் கையும் ஓடல, காலும் ஓடல பாய்ஜான். பிரிட்ஜ் மேல ஒரு பேப்பர் ஒட்டி வெச்சிருக்காரு. அதுல முதல் நம்பர் வஹீதோடது. நான் எண்ணியா பண்ணேன்?"

தம்பியின் கண்ணை மூடிய கை யாருடையது என்பதை அவர் அதற்கு மேல் கேட்கவில்லை.

இப்போது அந்தத் தாள் இருதயராஜின் கையில் இருந்தது. ஷபீ அஹமது கையை நீட்டினார். வாத்தியார் தயங்கிக் கொடுத்தார்.

"ரெண்டு வருஷம் முன்னாடி எங்க மெம்பர் ஒருத்தர் தவறிட்டாரு சார். அந்த வீட்ல யாருக்கும் ஒண்ணும் தெரியல, ஒரே பேஜார். அப்போ தன்சீல் பாய் சொன்னாரு, ஏரிக்கு மட்டும் இன்னா பட்டியல், இதுக்கும் எழுதி வெச்சுடலாம்னு. நான்கூட எம்பொட்டிய தூக்குறதுக்கு நாலு பேரை எழுதி வெச்சிருக்கேன். அதுல ரெண்டு பேரு என்னைவிட கெழவனுங்க." வாத்தியார் சிரிக்கப் பார்த்து, நிறுத்திக்கொண்டார்.

கட்டம் போட்ட தாள். தன்சீலின் நேரான கையெழுத்து. உடம்பைச் சுற்றும் கஃபன் துணி, கபர்க் குழி வெட்டுகிறவர்களுக்குச் சொல்வது, தெருமுனை, தண்ணீர் கேன், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பேர். குளிப்பாட்ட: அப்துல் வஹீத். தண்ணீர் எடுத்துக் கொடுக்க: தபரேஸ். கபருக்குள் இறங்க: அப்துல் வஹீத், தபரேஸ்.

ஷபீ அஹமது மேலிருந்து கீழே படித்தார். மறுபடி மேலே போனார். தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"மெம்பருங்க பேரு மட்டும்தான் போட முடியும் சார். அது ரூலு," என்றார் வாத்தியார், கேட்காமலேயே.

"தபரேஸ் யாரு?"

"உங்க பையன்தான் சார்."

தபரேஸ் தண்ணீர் கேன்கள் பக்கம் நின்றுகொண்டிருந்தான். முப்பத்தாறு வயது; ஷூ கம்பெனி ஒன்றில் நல்ல வேலை. அப்பா பார்ப்பதைப் பார்த்ததும் பக்கத்தில் வந்தான்.

"நீ எப்போ மெம்பர் ஆன?"

"ரெண்டு வருஷம் ஆச்சு அப்பா."

"ஞாயித்துக்கிழமை கம்பெனியில ஆடிட், ஆடிட்டுன்னு போனது?"

தபரேஸ் தலையைக் குனிந்துகொண்டான். "சாச்சாதான் உங்ககிட்ட சொல்லுன்னாரு. நான்தான் சொல்லல."

தம்பி போனான், சரி. மகனையும் சேர்த்து ஏரிக்குக் கூட்டிப் போயிருக்கிறான். ஷபீ அஹமதுக்குக் காது மடல் சுட்டது. இறந்தவன் மேல் கோபம் கூடாது என்று அவருக்குத் தெரியும். கோபம் வேறு, இது வேறு என்றும் தெரிந்திருந்தது. அந்த மற்றதுக்கு அவர் பேர் வைக்கவில்லை.

"பட்டியல் உங்க கிளப்புல வெச்சுக்கோங்க," என்றார் சத்தமாக. வந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அவன் என் தம்பி. பெத்தவருக்கு அடுத்து நான். குளிப்பாட்டுறது நான். கபர்ல எறங்குறது நான். வேற எந்தக் கையும் அவன் மேல படக்கூடாது. எல்லாரும் போங்க."

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மதிய ஜொஹர் தொழுகை முடிந்து, தன்சீலைப் பின்முற்றத்தில் பலகையின் மேல் கொண்டுவந்து கிடத்தினார்கள். சுற்றிலும் படுதா. இலந்தை இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீர் ஒரு பெரிய வாளியில். கற்பூரம் கரைத்த தண்ணீர் ஒரு சின்ன வாளியில், மேலே தட்டு போட்டு மூடி. எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்துவிட்டு வெளியே போனார்கள். தபரேஸ் கடைசியாகப் போனான்.

"நானும் இருக்கேனே அப்பா. தனியா முடியாது."

"போடா."

ஷபீ அஹமது முழுக்கைச் சட்டையின் பொத்தான்களைக் கழற்றிக் கையை மடித்தார். அந்தக் குடும்பத்தில் யாரும் யாரையும் குளிப்பாட்டியதில்லை. தகப்பனாருக்குப் பள்ளிவாசல் ஆள் வந்து செய்தார். ஷபீ அஹமது அன்று வாசலில் நின்று வந்தவர்களுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தார். வலப்பக்கம் முதலில் என்பது தெரியும். வலப்பக்கம் கழுவ உடம்பை இடப்பக்கமாகச் சாய்க்க வேண்டும் என்பதும் தெரியும். எப்படிச் சாய்ப்பது என்பது தெரியாது.

தொப்புளிலிருந்து முழங்கால் வரை மூடிய துணி விலகாமல் தம்பியின் தோளுக்கடியில் கையைக் கொடுத்தார். உடம்பு இவ்வளவு கனக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. பல்லைக் கடித்து ஒரு தடவை தூக்கினார். தோள் எழுந்தது, தலை எழவில்லை. கை வழுக்கியது. பலகையின் விளிம்பை நோக்கித் தலை சரிந்தது. இன்னொரு கையால் தாவிப் பிடித்தார். பிடித்த கை தம்பியின் கன்னத்துக்கும் பலகைக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. எடுக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. அப்படியே குனிந்தபடி நின்றார்.

படுதாவின் கீழே, வெளிப்பக்கத்தில், இரண்டு செருப்பில்லாத கால்கள் தெரிந்தன. டேனரி ட்ரம் தண்ணீரில் ஊறி ஊறி நகம் கறுத்த கால்கள்.

"யாரது?"

"நான்தான் முதலாளி. வஹீத்."

"உன்னைப் போகச் சொன்னேனே?"

"கைமாத்தாம போகக்கூடாது முதலாளி."

"யாரு போட்ட ரூலு?"

"தன்சீல் பாய்." அவனே தொடர்ந்தான்: "ஒருவாட்டி எனக்கு அடுத்த ஆளு வரவே இல்ல. நல்ல மழை. நான் படகுலயே குந்தினு இருந்தேன். ரெண்டு மணி நேரம் கழிச்சு அவரே நனைஞ்சினு வந்து கையெழுத்துப் போட்டாரு. அப்புறம்தான் நான் எறங்கினேன். ரெண்டு பேரும் லூசுன்னு இருதயராஜ் மாஸ்டர் திட்டினாரு."

அது ஒரு ஞாயிற்றுக்கிழமையாகத்தான் இருந்திருக்கும். மழை பெய்த ஞாயிற்றுக்கிழமைகளில் தன்சீல் வீட்டிலேயே இருப்பார் என்று ஷபீ அஹமது நம்பியிருந்தார். இரண்டொரு தடவை பாயாவைப் பாத்திரத்தில் போட்டு அனுப்பியும் இருக்கிறார்.

கன்னத்துக்கடியில் இருந்த கை மரத்துப்போய்க்கொண்டிருந்தது.

"வா," என்றார்.

வஹீத் படுதாவை விலக்கிக்கொண்டு வந்தான். இடது உள்ளங்கையைத் தன்சீலின் பிடரியில் கொடுத்தான், முழங்கையைத் தோளுக்கடியில் நுழைத்தான், தலையும் தோளும் ஒன்றாக எழும்படி லேசாகத் தூக்கினான். தூங்குகிறவரைத் தலையணை மாற்ற எழுப்புவதுபோல் இருந்தது. ஷபீ அஹமதின் கை விடுபட்டது. அவர் விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தார். இவ்வளவு பழக்கமாக அவனுக்கு எப்படி வந்தது என்று கேட்க நினைத்தார். எத்தனை தடவை தண்ணீரிலிருந்து இந்த உடம்பை அவன் தூக்கியிருப்பான்? எத்தனை தடவை தன்சீல் அவனைத் தூக்கியிருப்பார்?

"நான் ஊத்துறேன்," என்றார்.

வஹீத் சங்கடப்பட்டான். "தண்ணி தபரேஸ் முறை முதலாளி."

"அவனைக் கூப்பிடு."

தபரேஸ் வந்தான். அவன் சட்டைப் பையில் அந்தப் பட்டியல் மடித்து இருந்தது. வஹீத் அவனைப் பார்த்தான்; அவன் அப்பாவைப் பார்த்தான்.

"மெம்பர் இல்லாதவங்க..." என்று இழுத்தான் தபரேஸ்.

"வூட்டு ஆளுன்னா பரவாயில்ல," என்றான் வஹீத். "நீ கைமாத்திக் குடு. நான் மாஸ்டர்கிட்ட சொல்லிக்கிறேன்."

தபரேஸ் தாளையும் பேனாவையும் அப்பாவிடம் நீட்டிவிட்டு, திரும்பிக் குனிந்து நின்றான். மகனின் முதுகைப் பலகையாக்கி, அவன் பேருக்குப் பக்கத்தில், இடம் போதாத கட்டத்தில் ஷபீ அஹமது கையெழுத்துப் போட்டார். வியர்த்த கையில் மை கொஞ்சம் ஈஷிக்கொண்டது. தபரேஸ் அதை ஊதிக்கொண்டே வெளியே போனான்.

வஹீத் சாய்த்துப் பிடித்தான். ஷபீ அஹமது பெரிய வாளியில் மக்கை முக்கி, தலையிலிருந்து கால் வரை ஊற்றினார். வலப்பக்கம். பிறகு இடப்பக்கம். வஹீதின் கை தண்ணீருக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. துணிக்கு வெளியே இருந்த இடமெல்லாம் அவன் அவசரப்படாமல் தேய்த்தான். தன்சீலின் வலது கையைத் தூக்கியபோது உள்ளங்கை மேலே திரும்பியது. குறுக்கே காய்ப்பு. கயிறு இழுத்து இழுத்துப் பழுப்பேறிய இரண்டு தடிப்புகள். ஆபீசில் பேனா பிடித்த கை. அதே இடத்தில், அதே குறுக்குவாட்டில், வஹீதின் கையிலும் இரண்டு இருந்தன. ஷபீ அஹமது இரண்டையும் பார்த்துவிட்டு அவன் கையிலிருந்து தம்பியின் கையை வாங்கிக்கொண்டார்.

"நீ கொஞ்சம் வெளிய இரு."

"முறை முடியல முதலாளி."

"சொன்னா கேளு."

வஹீத் வெளியே போகவில்லை. எழுந்து, படுதாவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். ஷபீ அஹமது அந்த உள்ளங்கையில் ஊற்றினார். தண்ணீர் விரலிடுக்கில் வழிந்து போயிற்று. மறுபடி ஊற்றினார். வழிந்து போயிற்று.

பிறகு வஹீத் திரும்பி வந்து பிடிக்க, இரண்டாவது தடவையும் தலையிலிருந்து கால் வரை முடிந்தது.

"மூணாவது கடைசி முதலாளி," என்றான் வஹீத். "கற்பூரத் தண்ணி மேல ஊத்திட்டா முடிஞ்சுது. தொடைச்சு, துணி கட்டி, தூக்கிட வேண்டியதுதான்." தட்டை எடுத்துவிட்டுச் சின்ன வாளியை அவர் காலருகே நகர்த்தினான்.

ஷபீ அஹமது அதைப் பார்த்தார். பிறகு பெரிய வாளியிலேயே மக்கை முக்கி, தலையிலிருந்து ஆரம்பித்தார்.

தண்ணீர் கால் வரை போய் முடியும் மட்டும் வஹீத் உடம்பைச் சாய்த்துப் பிடித்திருந்தான்.

"அப்போ அஞ்சாக்கிடலாம். ஒத்தப்படையிலதான் முடிக்கணும்."

நாலாவது தடவையும் ஊற்றினார். ஐந்தாவதற்கு வஹீத் மறுபடியும் சின்ன வாளியை நகர்த்தினான். ஷபீ அஹமது மறுபடியும் பெரிய வாளியில் குனிந்தார்.

"ஏழு," என்றான் வஹீத் மெதுவாக.

படுதாவுக்கு வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. "வஹீத், அஸர் தொழுகைக்கு நேரமாவுதுப்பா. தூக்கினு போற சந்தூக்கு வந்துடுச்சு. ஜனங்க ஜாஸ்தியா சேர்ந்துட்டாங்க," என்றது வாத்தியாரின் குரல்.

"இருங்க மாஸ்டர். உள்ள முறை நடக்குது."

செருப்புச் சத்தம் விலகிப் போயிற்று.

ஆறாவது தடவை தண்ணீர் முழங்கால் வரைதான் வந்தது. மக் வாளியின் அடியில் சுரண்டியது. ஒன்றிரண்டு இலந்தை இலைகள் மட்டும் ஒட்டியிருந்தன. ஷபீ அஹமது வெறும் மக்கைப் பிடித்தபடி தம்பியின் பாதங்களுக்கு அருகில் நின்றார். சட்டை மார்பு வரை நனைந்திருந்தது. அவர் நிமிர்ந்துதான் நின்றார். சின்ன வாளி அவர் காலடியில், திறந்தபடி, நிறையத் தண்ணீரோடு இருந்தது.

வஹீத் அதன் மேல் தட்டை எடுத்து மூடினான். காலிவாளியைத் தூக்கிக்கொண்டு முற்றத்து மூலையில் இருந்த குழாய்க்குப் போனான். வாளியை அடியில் வைத்தான். வாளி மெதுவாக நிறையும்படி குழாயைப் பாதி மட்டும் திறந்துவிட்டு, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான்.